மூச்சை அடக்கிக் காற்றுப் பிடிக்கும் மலை!

கடல் மட்டத்திலிருந்து 3,397 மீட்டர் உயரம். சுற்றிலும் கறுத்த எரிமலைப் பாறைகள். ஒருவர் கையில் கண்ணாடிக் குடுவையோடு வெட்டவெளிக்கு நடந்து வருகிறார். காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று பார்த்து, அதற்கு முகம் கொடுத்து நிற்கிறார். மூச்சை அடக்கிக்கொண்டு குடுவையின் திருகைத் திறக்கிறார். உள்ளே வெற்றிடம் என்பதால் வெளிக்காற்று சட்டென்று புகுந்துகொள்கிறது. குடுவையை மூடிவிட்டு, தள்ளிப் போன பிறகுதான் மூச்சை விடுகிறார்.

எதற்கு இவ்வளவு ஜாக்கிரதை? நாம் வெளியே விடும் மூச்சில், சாதாரணக் காற்றில் இருப்பதைவிட ஏறக்குறைய நூறு மடங்கு கரியமில வாயு இருக்கிறது. ஒரே ஒரு மூச்சு கலந்துவிட்டாலும் அந்தக் குடுவை வீண்.

இடம், ஹவாய்த் தீவில் இருக்கும் மௌனா லோவா மலை. பெயரைக் கேட்டதும் நமக்கு 'மௌனம்'தான் ஞாபகத்துக்கு வரும். ஹவாய் மொழியில் 'மௌனா' என்றால் மலை, 'லோவா' என்றால் நீளம். நீண்ட மலை. உலகின் மிகப் பெரிய உயிருள்ள எரிமலை இதுதான். பூமி ஏன் சூடாகிறது என்ற கேள்விக்கு 1958 முதல் நாள்தோறும் விடை எழுதிக்கொண்டிருப்பதும் இதே மலைதான்.

ஹிலோவிலிருந்து மேலே...

மலைக்குப் போகிறவர்கள் தீவின் கிழக்குக் கரையில் உள்ள ஹிலோ ஊரிலிருந்து கிளம்புகிறார்கள். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர் இது. சென்னையின் மழையைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். குடையை மறந்தவர்களுக்கு ஹிலோ இரக்கம் காட்டாது. கடற்கரை ஓரமாக விழுதுவிட்ட ஆலமரங்கள் நிழல் பரப்பும் ஒரு சாலை உண்டு. 1930-களில் இங்கே வந்துபோன பிரபலங்கள் நட்ட மரங்கள் அவை. சந்தைக்குள் நுழைந்தால் பப்பாளி, லிச்சி, ரம்புட்டான், கூடவே சேப்பங்கிழங்கு! ஹவாய் மக்களின் பழைய உணவே சேப்பங்கிழங்குதான். வேகவைத்து மசித்துக் கூழாக்கி, 'போய்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் இலையில் இறைச்சியைச் சுற்றி ஆவியில் வேகவைப்பதும் உண்டு.

ஹிலோவை விட்டு இரு மலைகளுக்கு நடுவே ஏறும் சாலையில் காட்சி வேகமாக மாறுகிறது. முதலில் பெரணிகள் அடர்ந்த ஈரக்காடு. பிறகு மரங்கள் குட்டையாகி, லாவா உறைந்த கருந்தரை தலைகாட்டுகிறது. அதன் வெடிப்புகளில் ஓஹியா என்ற மரம் முளைத்துச் சிவப்பாகப் பூத்திருக்கும். லாவா ஆறிய இடத்தில் முதலில் குடியேறும் மரங்களில் அதுவும் ஒன்று. சுமார் 45 கிலோமீட்டர் போனால் 2,000 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டுச் சமவெளி. வலப்பக்கம் மௌனா கேயா, 'வெள்ளை மலை'. குளிர்காலத்தில் அதன் உச்சியில் பனி விழும். இடப்பக்கம் மௌனா லோவா.

முதல்முறை பார்க்கிறவர்களுக்கு மௌனா லோவா ஏமாற்றம்தான். எரிமலை என்றால் கூம்பாக, உச்சியில் புகையோடு நிற்க வேண்டும் என்று ஓவியங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. இதுவோ படுத்திருக்கும் திமிங்கிலத்தின் முதுகுபோல், அடிவானம் முழுக்க நீண்டு கிடக்கிறது. உச்சி 4,169 மீட்டர் என்றால் நம்பச் சற்று நேரம் பிடிக்கும்.

இங்கிருந்து ஆய்வுக்கூடத்துக்கு ஒற்றையடிப் பாதைக்கு அண்ணன் என்று சொல்லத்தக்க ஒரு தார்ச்சாலை, 27 கிலோமீட்டர் நீளத்துக்கு லாவாவின் மேலேயே வளைந்து வளைந்து ஏறுகிறது. லாவாவில் இரண்டு ஜாதி. கூழ் ஆறியதுபோல் வழவழவென்று மடிந்து கிடப்பது 'பஹோய்ஹோய்'. கால் வைத்தால் செருப்பைக் கிழிக்கும் கரடுமுரடு 'ஆஆ'. இரண்டும் ஹவாய்ச் சொற்கள். உலகம் முழுக்க உள்ள எரிமலை விஞ்ஞானிகள் இதே சொற்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆய்வுக்கூடம் இருக்கும் உயரம் தொட்டபெட்டாவைவிட 700 மீட்டருக்கு மேல் அதிகம். மரம் இல்லை, புல் இல்லை. நாலு படி வேகமாக ஏறினால் மூச்சு வாங்கும்.

அளப்பதற்கு இந்த இடம்தான் கிடைத்ததா?

ஆமாம், இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். கலிஃபோர்னியாக் கரை இங்கிருந்து சுமார் 3,800 கிலோமீட்டர். பக்கத்தில் பெருநகரம் இல்லை, தொழிற்சாலை இல்லை. கீழே மிதக்கும் மேகங்களைத் தாண்டிய உயரம் என்பதால், ஊர்ப்புகை பெரும்பாலும் இங்கே எட்டாது. பசிபிக்கைக் கடந்து வரும் காற்று, வழியெல்லாம் நன்றாகக் கலந்து, பாதி உலகத்தின் சராசரியைச் சுமந்து வருகிறது.

1956-ல் அமெரிக்க வானிலைத் துறை இங்கே நிலையம் திறந்தது. அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் சார்லஸ் டேவிட் கீலிங் என்ற இளம் வேதியியலாளர் கண்ணாடிக் குடுவைகளோடு காடு மேடெல்லாம் அலைந்துகொண்டிருந்தார். இரவில்கூட எழுந்து காற்றுப் பிடித்தார். காட்டுக்காற்று, கடற்காற்று, மலைக்காற்று எதுவாயினும் பிற்பகலில் அளந்தால் கரியமில வாயு ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பதைக் கண்டார். அதாவது இடத்துக்கு இடம் தாறுமாறாக மாறாத ஓர் அடிப்படை அளவு இருக்கிறது. சரியான கருவி இருந்தால் உலகத்துக்கே நாடி பிடிக்கலாம்.

1958 மார்ச்சில் அவருடைய கருவி மௌனா லோவாவில் ஓட ஆரம்பித்தது. முதல் அளவு 313. பத்து லட்சம் பங்கு காற்றில் 313 பங்கு கரியமில வாயு என்று அர்த்தம், சுருக்கமாக பி.பி.எம். என்பார்கள்.

அடுத்த மாதம் அளவு கூடியது. மே வரை ஏறி, பிறகு இறங்கியது. அக்டோபருக்குப் பிறகு மறுபடி ஏறியது. கருவியில் கோளாறோ என்று சந்தேகம். அடுத்த ஆண்டும் அப்படியே நடந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பூமியின் நிலப்பரப்பில் பெரும்பகுதி வட பாதியில் இருக்கிறது. அங்கே வசந்தத்தில் காடுகள் துளிர்த்துக் கோடை முழுக்கக் கரியமில வாயுவை இழுத்துக்கொள்கின்றன. இலை உதிர்ந்து மட்கும்போது திருப்பி விடுகின்றன. சைபீரியக் காடும் கனடாக் காடும் விடும் மூச்சு, பசிபிக் நடுவில் ஒரு காகிதத்தில் மேடும் பள்ளமுமாகப் பதிவாகியிருந்தது. அதற்குமுன் யாரும் பார்த்திராத காட்சி அது.

அந்த அழகை ரசித்து முடிப்பதற்குள் இன்னொன்றும் தெரிந்தது. ஒவ்வோர் ஆண்டின் மேடும் முந்தைய ஆண்டின் மேட்டைவிட உயரமாக இருந்தது. பள்ளமும் அப்படியே. மூச்சு உள்ளே போய் வெளியே வருகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மிச்சம் தங்கிவிடுகிறது. 'கீலிங் வளைகோடு' என்று உலகம் இதற்குப் பெயர் வைத்தது. 1959-ன் சராசரி சுமார் 316. 2013 மே மாதத்தில் ஒருநாள் அளவு 400-ஐத் தொட்டது. 2024-ன் சராசரி 424-ஐத் தாண்டியது. 2025 மே மாதச் சராசரி 430-க்கு மேல். ஆலைகள் பெருகுவதற்கு முந்தைய காலத்தில் இது 280 ஆக இருந்தது. அண்டார்டிகாப் பனிக்கட்டிக்குள் சிறைப்பட்ட பழங்காலக் காற்றுக் குமிழிகளைப் பார்த்தால், கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் கைத்தொழில் காலத்துக்கு முன் ஒருமுறைகூட 300-ஐத் தாண்டி நிலைத்ததில்லை.

குற்றவாளி எரிமலையா?

எரிமலைமேல் உட்கார்ந்துகொண்டு காற்றின் கரியமில வாயுவை அளக்கிறார்களே, அது எரிமலையே விடும் புகையாக இருக்காதா? மிக நியாயமான கேள்வி. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது.

உச்சியிலிருந்து எரிமலை வாயு இறங்கி வரும் நேரங்களில் கருவி காட்டும் அளவு துள்ளித் துள்ளிக் குதிக்கும். பகலில் அடிவாரக் காட்டுக் காற்று மேலேறும்போது அளவு இறங்கும். இந்த நேரங்களை ஒதுக்கிவிட்டு, மணிக்கணக்கில் ஆடாமல் அசையாமல் நிற்கும் அளவுகளை மட்டும் கணக்கில் சேர்க்கிறார்கள். அதோடு, எரிமலை இல்லாத அலாஸ்கா முனையிலும் தென்துருவத்திலும் அளந்தாலும் அதே ஏறுமுகம்தான்.

உலகின் எல்லா எரிமலைகளும் சேர்ந்து ஆண்டுக்கு வெளியிடும் கரியமில வாயு, மனிதர்கள் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்கு தேறினால் அதிகம். சொல்லப்போனால் பெரிய எரிமலைகள் பூமியைக் குளிர வைத்திருக்கின்றன. 1991-ல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடித்தபோது கந்தகத் துகள்கள் வானுயரத்தில் பரவி வெயிலை மறைத்தன. மௌனா லோவாவில் சூரிய ஒளியை அளக்கும் கருவி அந்த மங்கலைப் பதிவு செய்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகள் உலகச் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி இறங்கியிருந்தது.

பின்னே யார்? கரியில் விடை இருக்கிறது. உயிருள்ள மரத்தில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் துளியளவு இருக்கும். மரம் செத்த பிறகு அது சிதைந்து குறைந்துகொண்டே போகும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் அது அறவே இருக்காது. காற்றில் புதிதாகச் சேரும் கார்பனில் இந்தப் 'பழைய சரக்கு'தான் அதிகம் என்று ஐசோடோப்புக் கணக்கு காட்டுகிறது. இன்னொரு சாட்சி ஆக்சிஜன். எதையாவது எரித்தால் ஆக்சிஜன் செலவாகும். கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் 1980-களின் கடைசியிலிருந்து அதை அளந்துவருகிறார். எரிக்கும் அளவுக்கு ஏற்றபடி காற்றில் ஆக்சிஜன் மிக மிகச் சிறிய அளவில் குறைந்துவருகிறது. (மூச்சு முட்டும் அளவுக்கு இல்லை, அந்தப் பயம் வேண்டாம்.)

சூரியன்மேல் பழி போடுகிறவர்களும் உண்டு. 1970-களின் இறுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியை அளந்து வருகின்றன. அதில் ஏறுமுகமே இல்லை. தவிர, சூரியன் காரணம் என்றால் வளிமண்டலம் மேலடுக்குவரை சூடாக வேண்டும். நடப்பதோ, கீழே சூடேறுகிறது, மேலடுக்கு குளிர்கிறது. போர்வை போர்த்தினால் உள்ளே வெதுவெதுப்பு, வெளியே குளிர். அப்படித்தான்.

அளப்பதும் அதே குணம், சுடுவதும் அதே குணம்

கீலிங்கின் கருவி வேலை செய்த விதமே இந்தக் கதையின் மையம். உறிஞ்சிய காற்றை முதலில் குளிரவைத்து ஈரத்தை நீக்குவார்கள். பிறகு அதன் ஊடே அகச்சிவப்புக் கதிரைச் செலுத்துவார்கள். கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் அது. கரியமில வாயு அந்தக் கதிரைக் குடித்துவிடும். எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் எவ்வளவு வாயு என்று தெரிந்துவிடும். இப்போது லேசர் கருவிகள் வந்துவிட்டன; அடிப்படை ஒன்றுதான்.

வெயிலில் சூடான பூமி, வாங்கிய வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராகத்தான் வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. கரியமில வாயு வழியில் நின்று அதில் ஒரு பகுதியைக் குடித்து, மறுபடி கீழே அனுப்புகிறது. கருவிக்குள் நடப்பதுதான் வானத்திலும் நடக்கிறது. இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1856-லேயே அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் விதவிதமான வாயுக்களை நிரப்பி, வெப்பமானி செருகி, வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாய்தான் மிக அதிகமாகச் சூடேறியது. நிழலுக்குக் கொண்டுபோன பிறகும் ஆற நெடுநேரம் பிடித்தது. 1896-ல் ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ஹீனியஸ், காற்றில் இது கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். மௌனா லோவா சேர்த்தது ஒன்றுதான்: அது உண்மையிலேயே கூடிக்கொண்டிருக்கிறது என்ற ஆதாரம்.

உலகம் இன்று ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயுவை எரிபொருள்கள், சிமென்ட் ஆலைகள் வழியாக வெளியிடுகிறது. நிலக்கரியின் பங்கு முதலில், அடுத்து எண்ணெய், பிறகு எரிவாயு. காடழிப்பு தனி. மாடுகள், நெல்வயல்கள், குப்பைமேடுகள், எரிவாயுக் குழாய்க் கசிவுகளிலிருந்து வரும் மீத்தேனும், உரத்திலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்ஸைடும் தங்கள் பங்குக்குச் சூடேற்றுகின்றன. அமெரிக்கர் ஒருவர் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணம். இந்தியர் ஒருவர் சுமார் 2 டன். மலைக்கு வரும் காற்றில் இந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது, எல்லாம் கலந்துதான் வருகிறது.

கொரோனா ஆண்டான 2020-ல் விமானங்கள் நின்றன, சாலைகள் காலியாகின. வளைகோடு இறங்கியிருக்கும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அந்த ஆண்டு மே மாதமும் புதிய உச்சம்! வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயைக் கொஞ்சம் மூடினால் தண்ணீர் மெதுவாக ஏறும், ஏறாமல் இருக்காது. வெளியேற்றம் அந்த ஆண்டு சுமார் 5 சதவிகிதம்தான் குறைந்தது. நாம் விடுவதில் பாதியைக் கடலும் காடும் உறிஞ்சிக்கொள்கின்றன. மிச்சப் பாதி தொட்டியில் சேர்கிறது.

தொட்டி நிரம்ப நிரம்ப வெப்பமானியும் ஏறுகிறது. 2015 முதல் 2024 வரையிலான பத்து ஆண்டுகள்தான் அதுவரையிலான பதிவுகளிலேயே மிக வெப்பமான பத்து. 2024-ன் உலகச் சராசரி, 1850-1900 காலத்தைவிட சுமார் 1.55 டிகிரி செல்சியஸ் அதிகம் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. 'ஒன்றரை டிகிரிதானே, காலைக்கும் மத்தியானத்துக்குமே பத்து டிகிரி வித்தியாசம் இருக்கிறதே' என்று தோன்றலாம். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் உலகச் சராசரி இன்றைக்குள்ளதைவிட ஐந்தாறு டிகிரிதான் குறைவு. அதற்கே கனடா ஏறக்குறைய முழுவதும் கிலோமீட்டர் கணக்கில் பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தது. ஹவாய்க்காரர்கள் இந்த வெப்பத்தைக் கடலில் பார்க்கிறார்கள். 2015-ல் தீவின் மேற்குக் கரையோரம் கடல்நீர் சூடாகி, பவளப்பாறைகள் பெருமளவில் வெளுத்து, ஏராளமானவை செத்துப்போயின.

லாவா வந்த மாலை

2022 நவம்பர் 27 இரவு, 38 ஆண்டுகள் தூங்கிய மௌனா லோவா விழித்தது. மறுநாள் மாலை லாவா இறங்கி வந்து ஆய்வுக்கூடச் சாலையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன. கருவிகள் நின்றன.

ஆனால் வளைகோட்டை அறுந்துபோக விடவில்லை. எதிரே நிற்கும் மௌனா கேயாவின் தொலைநோக்கிக் கூடம் ஒன்றில் இடம் கேட்டு, டிசம்பர் மாதத்திலேயே அங்கே கருவியை ஓடவிட்டார்கள். மௌனா லோவாவுக்குச் சாலை இல்லாததால் ஹெலிகாப்டரில் போனார்கள். சூரியத் தகடும் பேட்டரியும் வைத்து 2023-ல் அங்கேயும் அளவீடு தொடங்கியது.

லாவாவைவிடப் பெரிய ஆபத்து பட்ஜெட்தான் என்று இந்த மலையின் வரலாறு சொல்கிறது. 1964-ன் தொடக்கத்தில் நிதிக் குறைப்பால் சில மாதங்கள் அளவீடு நின்றது. வளைகோட்டில் அந்த இடைவெளி இன்றும் தெரியும். 'எத்தனை வருஷம்தான் அதையே அளப்பீர்கள்?' என்ற கேள்வியோடு கீலிங் 2005-ல் இறக்கும்வரை மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. தன் அனுபவத்தை எழுதியபோது, பூமியைக் கண்காணிப்பதன் பரிசுகளும் தண்டனைகளும் என்ற பொருளில் தலைப்பு வைத்தார். 2025-லும் அமெரிக்க அரசின் பட்ஜெட் முன்மொழிவு, இந்த நிலையத்தை நடத்தும் நோவா அமைப்பின் ஆய்வுப் பிரிவையே நீக்கச் சொன்னது. முன்மொழிவெல்லாம் அப்படியே சட்டமாகிவிடாது என்றாலும், அறுபது ஆண்டுக்கும் மேலான பதிவு ஒரு காகித வரியில் தொங்குவது சங்கடமான விஷயம். விட்டுப்போன ஒரு நாளின் காற்றைப் பிறகு எங்கே போய்ப் பிடிப்பது?

ஆய்வுக்கூடம் சுற்றுலாத் தலம் அல்ல. நினைத்த நேரத்தில் உள்ளே நுழைய முடியாது. பார்க்க விரும்புகிறவர்களுக்கு மௌனா கேயா பக்கம்தான் வசதி. அங்கே 2,800 மீட்டர் உயரத்தில் ஒரு பார்வையாளர் மையம் உண்டு. மாலையில் சூரியன் மறைவதைப் பார்க்கவும், இருட்டிய பிறகு நட்சத்திரம் பார்க்கவும் கூட்டம் சேரும். கம்பளிச் சட்டை கட்டாயம் வேண்டும். ஹவாய்தானே என்று அரைக்கால் சட்டையோடு வந்தவர்கள் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். மேகம் காலுக்குக் கீழே வெண்பஞ்சாகக் கிடக்க, அதற்கு அப்பால் மௌனா லோவாவின் நீண்ட முதுகு கறுத்துத் தெரியும். அதன் வடக்குச் சரிவில் எங்கோதான் அந்தக் கருவி. அது நேற்று அளந்த எண், இன்று இணையத்தில் வந்துவிடும். மலைமேல் நிற்கிறவர்கள் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இருட்டியதும் கார்கள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பிக்கின்றன. பாதி வழியிலேயே மேகத்துக்குள் நுழைந்துவிடும். ஹிலோவில் மழை பெய்துகொண்டிருக்கும்.